மூன்று இயங்குதளங்கள், ஒரு மடிக்கணினி

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தன்மை மாறிவிடும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவனிடம் பணவீக்கம் பற்றியோ வட்டி விகிதம் பற்றியோ எவரும் கேட்பதில்லை. "பிள்ளைக்கு எந்த மடிக்கணினி வாங்கலாம், ஐயா?" என்றே கேட்கின்றனர். அண்மைக் காலமாக அக்கேள்வி கூர்மையடைந்துள்ளது. கணினியியல் பயிலும் மாணவர்களும், படிப்பை முடித்துச் சிறு மென்பொருள் நிறுவனம் தொடங்கும் இளைஞர்களும், தாங்கள் எழுதும் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓட வேண்டும் என்கிறார்கள். அதற்கு மூன்று கணினிகள் வேண்டுமா, ஒன்று போதுமா, ஒன்று போதுமெனில் அது எது என்பதே அவர்களது ஐயம்.

இது ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கும் இடைப்பட்ட ஐயம். விசைத்தறியை நம்பிக் குடும்பம் நடத்தும் பெற்றோர், நகையை அடகு வைத்து இத்தொகையைத் திரட்டுவதை நான் அறிவேன். கடைக்காரர் விலைப்பட்டியலின் உச்சியில் உள்ளதைக் காட்டுவார். நண்பர்கள் தாங்கள் வைத்திருப்பதையே பரிந்துரைப்பார்கள். இவ்விரு விடைகளும் 'எந்தக் கணினி சிறந்தது' என்ற கேள்விக்கு உரியவை. பல இயங்குதளங்களுக்கு எழுதுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த இயங்குதளத்தை எந்த வன்பொருளில் இயக்க உரிமை உண்டு? அதற்கு விடை தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் இடையே நிற்கும் நிர்வாகம். கோப்பைத் திற, திரையில் எழுது, இணையத்தில் அனுப்பு என்று மென்பொருள் விடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் அதுவே நிறைவேற்றுகிறது. விண்டோஸிடம் விண்ணப்பிக்கும் முறை வேறு, லினக்ஸிடம் வேறு, மேக்கிடம் வேறு. ஆகவே ஒன்றுக்காக ஆக்கப்பட்ட நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-இல் ஜாவா மொழியை வெளியிட்டபோது, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்று வாக்களித்தது. அவ்வாக்கு பெருமளவு நிறைவேறியும் உள்ளது. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், எலக்ட்ரான் போன்ற இன்றைய கருவிகளும் அவ்வழியில் வந்தவையே. எழுதும் வேலையை ஒரே கணினியில் முடித்துவிடலாம். சோதிக்கும் வேலையை மட்டும் ஒவ்வோர் இயங்குதளத்திலும் செய்தாக வேண்டும்.

ஏன் அவ்வாறு என்பதைச் சிறு எடுத்துக்காட்டுகளே விளக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்புப் பெயரும், சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் லினக்ஸுக்கு இரு வேறு கோப்புகள்; விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் அவற்றை ஒன்றாகவே கருதும். வரியின் முடிவைக் குறிக்க விண்டோஸ் இரண்டு குறிகளை இடுகிறது. மற்றவை ஒன்றை மட்டுமே இடுகின்றன. விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பு லினக்ஸில் ஓட மறுப்பதற்கு இதுவே பலமுறை காரணமாக அமைகிறது.

தமிழில் கோப்புப் பெயர் இடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஓய்வுக்குப் பின் நானும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்து, வேளாண் விளைபொருள்களின் சந்தை விலைகளைத் தொகுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வருகிறோம். 'கொள்முதல்' என்று பெயரிட்ட கோப்பு மேக்கில் ஒழுங்காகத் திறந்தது. அதே கோப்பு கண்ணெதிரே இருந்தும், அப்படியொரு கோப்பே இல்லை என்று லினக்ஸ் சாதித்தது. நிரலில் இருந்த பெயர் ஒரு முறையிலும், கோப்பின் பெயர் மறுமுறையிலும் எழுதப்பட்டிருந்தன. மேக் இரண்டையும் ஒன்றாக ஏற்றுக்கொள்ளும். லினக்ஸும் விண்டோஸும் ஏற்பதில்லை. எழுத்துருக்களிலும் இதே கதைதான். விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ்ச் சங்கம், லினக்ஸில் பெரும்பாலும் லோகித் அல்லது நோட்டோ. ஒரே சொல் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அகலம் கொள்ளும். ஓரிடத்தில் பொத்தானுக்குள் அடங்கிய 'பதிவிறக்கம் செய்க' வேறோர் இடத்தில் எல்லை தாண்டி வழியும். இவற்றை ஊகித்து அறிய முடியாது. ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

இனி உரிமைக்கு வருவோம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸை எவரும், எந்தக் கணினியிலும், கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸுக்கு உரிமக் கட்டணம் உண்டு. ஆனால் எந்த நிறுவனத்தின் கணினி என்ற கட்டுப்பாடு இல்லை. ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸைப் புதிதாகத் தரவிறக்கப் பணம் வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டுமே அதை நிறுவ வேண்டும் என்று அதன் உரிம ஒப்பந்தம் விதிக்கிறது. விலையற்ற பண்டம் ஒன்றை விலையுயர்ந்த பண்டம் ஒன்றோடு பிணைத்து விற்கும் உத்தி இது. பொருளியல் வகுப்பில் ஒன்றையொன்று நிறைவு செய்யும் பண்டங்களுக்குப் பேனாவையும் மையையும் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். இங்கே மை இலவசம். ஆனால் அந்த மை ஒரே ஒரு நிறுவனத்தின் பேனாவில் மட்டுமே எழுதும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1995-இல் ஆப்பிளே பிற நிறுவனங்களுக்கு மேக் ஒத்த கணினிகளைச் செய்ய உரிமம் வழங்கியது. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்த 1997-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 2008-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் என்னும் சிறு நிறுவனம், சாதாரணக் கணினிகளில் மேக்ஓஎஸ்ஸை நிறுவி விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. மேக்ஓஎஸ்ஸே தனியொரு சந்தை, அதில் ஆப்பிள் முற்றுரிமை செலுத்துகிறது என்று சைஸ்டார் வாதிட்டது. கலிபோர்னியா நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வாங்குபவர் வேறு கணினியை வாங்கிக்கொள்ள முடியுமே என்பது அதன் நோக்கு. 2009-இல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாக வந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கடிதம் தட்டச்சு செய்ய ஒரு கணினி வாங்குபவரைப் பொறுத்தவரை நீதிமன்றத்தின் கணிப்பு சரியே. அவருக்கு விண்டோஸ் கணினி ஒரு பதிலீடு. மென்பொருள் எழுதுபவருக்கு அது பதிலீடு ஆகாது. அவருடைய வாடிக்கையாளரின் கையில் ஐஃபோன் இருந்தால், ஐஃபோனுக்கான செயலியை உருவாக்கும் எக்ஸ்கோட் என்னும் கருவி மேக்கில் மட்டுமே ஓடும். ஃப்ளட்டரில் எழுதினாலும், ஐஃபோனுக்கென ஆக்கும் கடைசிப் படி மேக்கில்தான் நடந்தாக வேண்டும். அதன்பின் ஆப்பிளின் செயலிக் கடையில் இடம்பெற ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். கூகுளின் கடைக்கு ஒருமுறை கட்டும் 25 டாலர் போதும். சந்தையின் எல்லையை நுகர்வோர் பக்கத்திலிருந்து வரைவதா, உற்பத்தியாளர் பக்கத்திலிருந்து வரைவதா என்ற பழைய விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. இருபதாண்டுகளுக்கு முன்பு கிடைத்திருந்தால் வகுப்பில் பயன்பட்டிருக்கும்.

ஆகவே, மடிக்கணினி வாங்குமுன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: நீங்கள் எழுதப்போகும் மென்பொருளின் பயனர்களிடம் ஆப்பிள் கருவி இருக்கிறதா? இணையதளம் மட்டுமே அமைப்பவருக்கும் இக்கேள்வி ஓரளவு பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற சில இடங்களில் சட்டம் தளர்த்தியிருப்பது நீங்கலாக, ஐஃபோனில் எந்த உலாவியைத் திறந்தாலும் அதன் அடியில் ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். ஆனால் அதைச் சோதிக்க நண்பரின் ஐஃபோனைக் கால் மணி நேரம் இரவல் வாங்கினாலே பெரும்பாலும் போதும். இலட்ச ரூபாய் மேக் தேவைப்படாது.

விடை 'ஆம்' என்றால், மேக்கையே வாங்கி அதனுள் மற்ற இரண்டையும் இயக்கலாமே என்று தோன்றும். 2020 வரை இது ஏறக்குறைய முழுமையான தீர்வாக இருந்தது. அப்போது மேக்கினுள் இருந்தது இன்டெல் சில்லு. விண்டோஸையும் லினக்ஸையும் அதில் நேரடியாகவே நிறுவ முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் எம்1 என்னும் தன் சொந்தச் சில்லுக்கு மாறியது. ஆர்ம் கட்டமைப்பைச் சார்ந்த அச்சில்லின் வேகமும் மின்சிக்கனமும் மெச்சத்தக்கவை. ஆனால் விண்டோஸை நேரடியாக நிறுவும் வசதி அதோடு போயிற்று. மெய்நிகர் கணினியாக, அதாவது மேக்கின் திரைக்குள் ஒரு சாளரத்தில் ஓடும் கணினியாக, விண்டோஸின் ஆர்ம் பதிப்பை இயக்கலாம். பேரலல்ஸ் மென்பொருளின் வழி அவ்வாறு இயக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் 2023-இல் இசைவு அளித்தது. அப்பதிப்பு, இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள்களை மொழிமாற்றி ஓட்டும். பெரும்பாலானவை ஓடியும் விடும். அச்சுப்பொறி, பார்கோடு கருவி போன்றவற்றை இயக்கும் பழைய இயக்கி மென்பொருள்கள் மட்டும் ஓடா.

திருப்பூரில் பின்னலாடைப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் என் முன்னாள் மாணவி ஒருவருக்கு இந்த ஒரு வரியே தீர்ப்பாக அமைந்தது. அவருடைய வாடிக்கையாளர்களின் மேசையில் இருப்பவை விண்டோஸ் கணினிகள்; அவற்றோடு பழைய பார்கோடு அச்சுப்பொறிகள். தரவுகளைச் சேமிக்கும் வழங்கி லினக்ஸ். முதலாளிகளில் சிலர் மட்டும் ஐஃபோன் வைத்திருக்கின்றனர். நாள்தோறும் பத்து மணி நேரம் அவர் உழல்வது விண்டோஸிலும் லினக்ஸிலும். மேக் அவருக்குத் தேவைப்படுவது மாதத்தில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்காக முப்பது நாளையும் மேக்கில் கழிப்பது விரயம்.

விண்டோஸ், லினக்ஸ் என்ற இணை இன்று மிக எளிது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. 2019-இல் அறிவித்த அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருவே இடம்பெற்றது. சில கட்டளைகளில் உபுண்டு நிறுவப்பட்டுவிடும். விண்டோஸின் ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும். தனிக் கட்டணம் இல்லை. வழங்கிகளுக்கான மென்பொருளை எழுதிச் சோதிக்க இதுவே போதும். லினக்ஸ் மேசைத்திரையில் ஓடும் மென்பொருளை எழுதுபவர், வன்தட்டைப் பிரித்து இரண்டையும் அருகருகே நிறுவி, கணினியைத் திறக்கும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய முறை அன்று இது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்த மாணவர்கள் மிகச் சிலரே என்பது என் வகுப்பறை அனுபவம். திறந்து பார்த்தவர்களில் சிலர் இன்று அதை வைத்தே பிழைக்கிறார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பணத்தை முதலில் கொட்ட வேண்டிய இடம் நினைவகம், அதாவது ரேம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும்போது இரண்டும் அதே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச நினைவகமே 4 ஜிபி. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அதன் மாதிரித் திறன்பேசியோடு சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்கிறது கூகுள். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால், 8 ஜிபி மடிக்கணினி இந்த வேலைக்கு உதவாது. 16 அடிப்படைத் தேவை. 32 இருந்தால் நிம்மதி. அதே விலையில் வேகம் கூடிய சில்லும் 8 ஜிபியும் உள்ள ஒன்றையும், ஒருபடி குறைந்த சில்லும் 16 ஜிபியும் உள்ள இன்னொன்றையும் கடைக்காரர் காட்டினால், தயங்காமல் பின்னதை எடுக்கலாம். விளையாட்டுக்கான வரைகலை அட்டைக்குக் கொடுக்கும் பணத்தின் இறுதிநிலைப் பயன்பாடு இங்கே ஏறத்தாழச் சுழியம்.

நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மேக்கில் சில்லோடு ஒன்றாகவே வருகிறது; வாங்கும் நாளில் எடுத்த முடிவே அதன் ஆயுள் முழுமைக்கும். 2024 அக்டோபர் வரை அடிப்படை மேக்புக் ஏர் 8 ஜிபியுடன்தான் விற்கப்பட்டது. பழைய மேக் தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய பொருள்களின் சந்தை பற்றி ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை பொருளியலில் புகழ்பெற்றது. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே சந்தையில் மோசமான பொருள்களே மிகும் என்பது அதன் சாரம். இன்டெல் சில்லுடைய பழைய மேக்குகள் மலிவாகக் கிடைப்பதைக் காணும்போது எனக்கு அக்கட்டுரை நினைவுக்கு வருகிறது. 2025-இல் வெளிவந்த மேக்ஓஎஸ் டஹோவே இன்டெல் மேக்குகளில் ஓடும் கடைசிப் பதிப்பு என ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஐஃபோன் செயலி எழுதுபவருக்கு எக்ஸ்கோட்டின் புதுப் பதிப்பு வேண்டும். அதற்குப் புது மேக்ஓஎஸ் வேண்டும். ஆகவே அம்மலிவு, மலிவு அன்று.

பழைய விண்டோஸ் மடிக்கணினிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-இன் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவு செய்யாத அலுவலகக் கணினிகள் அதனால் கழிக்கப்படுகின்றன. விண்டோஸுக்கு ஆகாத அவற்றில் லினக்ஸ் செவ்வனே ஓடும். குறிப்பாக லெனோவோவின் திங்க்பேட் வரிசைக்கு லினக்ஸ் பயனர்களிடம் நெடுங்கால மதிப்பு உண்டு. பாகங்களைக் கழற்றி மாற்றும் கையேடுகளை அந்நிறுவனமே வெளியிடுகிறது. பயிலும் மாணவருக்கு அத்தகைய ஒன்றும், அதில் கூடுதலாகப் பொருத்திய நினைவகமும் முதலிரண்டு ஆண்டுகளுக்குப் போதுமானவை.

மீண்டும் அந்த மேக் வேண்டிய இரண்டு நாள் கதைக்கு வருகிறேன். பகுக்க முடியாத மூலதனப் பொருளைப் பலர் பகிர்ந்துகொள்வது நம் ஊர்களுக்குப் புதிதன்று. அறுவடை இயந்திரத்தை ஒவ்வோர் உழவரும் வாங்கி நிறுத்துவதில்லை. மேக்கையும் வாடகைக்கு எடுக்க முடியும். அமேசான் 2020 இறுதியிலிருந்து அச்சேவையை அளிக்கிறது. ஆனால் ஆப்பிளின் உரிம நிபந்தனைப்படி, ஒருமுறை எடுத்தால் 24 மணி நேரத்துக்கேனும் எடுத்தாக வேண்டும். பத்து நிமிட வேலைக்கும் ஒரு நாள் வாடகை. நிரலை எவரும் காணப் பொதுவில் வைப்பவர்களுக்கு, கிட்ஹப் தளம் மேக் இயந்திரங்களில் கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறது. திருப்பூர் மாணவி வேறொரு வழி கண்டார். எம்4 சில்லுடைய மேக் மினி 2024-இல் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை ரூ.59,900, அதே சில்லுடைய மேக்புக் ஏர் 2025-இல் வந்தபோது ரூ.99,900. தம்மைப் போன்ற வேறு இருவரோடு சேர்ந்து ஒரு மேக் மினியை வாங்கி, ஒருவர் அலுவலகத்தில் வைத்திருக்கிறார். தம் பழைய மடிக்கணினியின் நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்தியதோடு அவருடைய செலவு முடிந்தது.

கல்லூரிகள் இதைச் செய்யலாம் என்பது என் எண்ணம். நூலகத்தில் நான்கைந்து மேக் மினிகள் இருந்தால், முறைவைத்து ஒரு துறையே பயன்படுத்திக்கொள்ளலாம். மாறாக, முதலாமாண்டு மாணவர் அனைவரும் குறிப்பிட்ட ஒரே மாதிரியைத்தான் வாங்க வேண்டும் என்று தனியார் கல்லூரியொன்று சுற்றறிக்கை அனுப்பியதைக் கண்டேன். எந்தப் பாடத்துக்கு அது தேவை என்ற குறிப்பு அதில் இல்லை. முதல் பருவத்தில் அப்பிள்ளைகள் எழுதப்போவது சி மொழியில் பத்து வரி நிரல். அதைப் பதினைந்து ஆண்டுப் பழைய கணினியும் ஓட்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருவர் எழுந்து கேட்கலாம்.

ஸ்னாப்டிராகன் சில்லுடன் விண்டோஸ் மடிக்கணினிகளும் வருகின்றன. அவையும் ஆர்ம் வகையே. லினக்ஸை நிறுவ எண்ணுவோர் இப்போதைக்கு அவற்றைத் தவிர்ப்பது நலம். பழுதுநீக்கும் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஒரு விசைப்பலகையைச் சரிசெய்யச் சென்று வரும் பேருந்துச் செலவையும் இழந்த வேலை நாளையும் விலைச்சீட்டு காட்டாது.

கடைக்குச் செல்லும்போது உபுண்டு ஏற்றிய ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். காட்சிக்கு வைத்துள்ள கணினியில் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் இசையவில்லை என்றால் அடுத்த கடைக்குச் செல்லலாம்.